கிருமியின் விலாசம்: ஈறு நோயும் மரபணுச் சோதனையும்

சென்ற இதழில் பயோரியா என்று நாம் அழைக்கும் ஈறு நோயைப் பற்றி எழுதியபோது, ஈறுக்கடியில் வாழும் பாக்டீரியாக்களை மரபணுச் சோதனையால் இனங்காண முடியும் என்று ஒரே ஒரு வரி சேர்த்திருந்தேன். காரைக்குடியையும் சுற்றியுள்ள ஊர்களையும் சேர்ந்த வாசகர்கள் அந்த வரியைப் பிடித்துக்கொண்டு எழுதிய கடிதங்களே இம்முறை மேசையில் நிறைந்திருக்கின்றன. அவற்றுள் ஏழு கடிதங்களுக்கு இங்கே பதில் தருகிறேன். பெயர் வெளியிட வேண்டாம் என்று சிலர் கேட்டுக்கொண்டதால் எல்லோருக்கும் ஊர்ப்பெயரை மட்டும் குறித்திருக்கிறேன்.

கேள்வி: எனக்கு வயது 43. பல் துலக்கும்போது ஈறில் ரத்தம் வருகிறது என்று வெளியூரில் ஒரு பல் மருத்துவமனைக்குச் சென்றேன். மாதிரி எடுத்து மரபணுச் சோதனைக்கு அனுப்பினார்கள். மூன்று கிருமிகளின் பெயர்களைச் சிவப்பில் அச்சிட்டு, 'ரெட் காம்ப்ளெக்ஸ்' என்று எழுதிய அறிக்கை வந்தது. ஏழு நாள் மாத்திரை கொடுத்தார்கள், ரத்தம் நின்றது. இரண்டு மாதத்தில் மறுபடி வந்தது, மறுபடியும் மாத்திரை. இப்போது மூன்றாம் முறை. இதைவிட வலுவான மாத்திரை ஏதும் உண்டா? (வாசகி, பள்ளத்தூர்)

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். சோதனை இருக்கிறது, அறிக்கை இருக்கிறது, மாத்திரை இருக்கிறது. ஈறுக்கடியில் யாரேனும் சுத்தம் செய்தார்களா என்பதைத்தான் எங்கும் காணவில்லை. செய்திருந்தால் அதையே நீங்கள் முதலில் எழுதியிருப்பீர்கள். மரத்துப்போக ஊசி போட்டுக்கொண்டு ஒரு மணி நேரம் வாயைத் திறந்து வைத்திருந்த அனுபவம் எவருக்கும் எளிதில் மறப்பதில்லை.

இதே நிலையில் சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பெண்மணி என்னிடம் வந்தார். கையில் வண்ண அறிக்கை, பையில் மூன்று வகை மாத்திரை அட்டைகள். கீழ்ப் பல்வரிசையின் உட்புறத்தில் ஈறளக்கும் கம்பியை இறக்கியபோது அது 7 மில்லிமீட்டர் வரை போயிற்று. நலமான ஈறில் அது 3 மில்லிமீட்டரைத் தாண்டாது. ஊசி போட்டு மரத்துப்போகச் செய்தபின், கைக்கருவியை அந்த ஆழத்துக்குக் கொண்டுசென்று, வேரை ஒட்டி மேல்நோக்கி இழுத்தேன். பாதி உளுந்து அளவில், கரிய நிறத்தில், சொரசொரப்பான ஒரு காரைத் துண்டு பஞ்சின் மேல் வந்து விழுந்தது. அதை அவரிடம் காட்டினேன். "இத்தனை மாத்திரை தின்றும் இது கரையவில்லையா?" என்று கேட்டார்.

கரையாது. பல்லின் மேல் படியும் கிருமிப் படலத்தில் கால்சியமும் பாஸ்பேட்டும் ஏறி, நாளாவட்டத்தில் கல்லாக இறுகியதுதான் காரை. அதன் சொரசொரப்பில் புதிய கிருமிகள் தாமே சுரக்கும் பசைக்குள் கூட்டமாகக் குடியேறுகின்றன. அந்தப் பசைக்குள் மருந்து போதிய அளவில் புகுவதில்லை. வெளிப்புறத்தில் இருப்பவை மடிவதால் வீக்கம் தணிந்து, ரத்தம் சில வாரங்கள் நிற்கும். உள்ளே தப்பியவை பிறகு பெருகும். உங்களுக்கு இரண்டு முறையும் நடந்தது இதுதான் என்றே நினைக்கிறேன். மாத்திரையின் வலு போதவில்லை என்று எண்ணி மேலும் வலுவானதைத் தேடினால், நாளை உயிருக்கு ஆபத்தான ஒரு தொற்று வரும்போது வேலை செய்ய வேண்டிய மருந்தை இன்றே வீணாக்கிவிடுவோம்.

அந்தச் சிவப்பு நிறத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெனில் அது உங்களை அச்சுறுத்தியிருக்கிறது என்பது கடிதத்திலேயே தெரிகிறது. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் சாக்ரன்ஸ்கி என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் 185 பேரின் பற்களிலிருந்து எடுத்த 13,000-க்கும் மேற்பட்ட மாதிரிகளை டி.என்.ஏ. முறையில் ஆராய்ந்து, எந்தக் கிருமி எதனுடன் சேர்ந்து காணப்படுகிறது என்று 1998-ல் வகைப்படுத்தினார்கள். சேர்ந்து வாழும் கூட்டங்களுக்கு ஊதா, பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று நிறங்களால் பெயரிட்டார்கள். போர்பைரோமோனாஸ் ஜிஞ்சிவாலிஸ், டானரெல்லா ஃபார்சிதியா, ட்ரெப்போனிமா டென்டிகோலா ஆகிய மூன்றும் சிவப்புக் கூட்டம். பல்லுக்கும் ஈறுக்கும் இடையே விழும் ஆழமான ஈறுப் பைகளிலும் ரத்தம் கசியும் இடங்களிலும் இவை மிகுதியாகக் கிடைத்தது உண்மையே. ஆனால் அதே 1998-ல் அமெரிக்காவில் வெளியான வேறோர் ஆய்வில், ஈறு நோய் உள்ளவர்களில் நூற்றுக்கு 79 பேரிடம் காணப்பட்ட போர்பைரோமோனாஸ் ஜிஞ்சிவாலிஸ், நோயே இல்லாதவர்களிலும் நூற்றுக்கு 25 பேரிடம் காணப்பட்டது. ஆகவே அறிக்கையில் அதன் பெயர் வந்திருப்பதை வைத்து மட்டும் நோயின் கடுமையை எவராலும் சொல்ல முடியாது. எத்தனை இடங்களில் பை விழுந்திருக்கிறது, எலும்பு எவ்வளவு கரைந்திருக்கிறது என்பதை அளவுக் கம்பியும் எக்ஸ்ரேயும்தான் சொல்லும்.

மூன்றாம் முறை மாத்திரையை இப்போது தொடங்காதீர்கள். ஒவ்வொரு பல்லையும் சுற்றி ஆறு இடங்களில் அளந்து தாளில் குறித்துக்கொள்ளும் ஓர் ஈறு நோய் மருத்துவரிடம் செல்லுங்கள். ஈறுக்கு மேலே செய்யும் ஸ்கேலிங்கோடு நின்றுவிடாமல், வேர்ப்பரப்பையும் சுத்தம் செய்யுமாறு கேளுங்கள். சுமார் மூன்று மாதம் கழித்து மறுபடி அளக்கச் சொல்லுங்கள். அந்த இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், எந்த அறிக்கையும் சொல்லாததை அவை உங்களுக்குச் சொல்லும்.

கேள்வி: நான் உயிர்த்தொழில்நுட்பம் படிக்கிறேன். டி.என்.ஏ.வை நகலெடுத்துப் பெருக்கும் பி.சி.ஆர். முறை பற்றிப் பாடத்தில் படித்திருந்தாலும், வாயில் இருக்கும் இத்தனை கிருமிகளுக்கு நடுவில் ஒன்றை மட்டும் அது எப்படிப் பிரித்தறிகிறது என்பது விளங்கவில்லை. ஆய்வகத்தில் கிருமியை வளர்த்துப் பார்க்கும் பழைய முறை ஏன் போதாது? (மாணவர், காரைக்குடி)

பதில்: தம்பி, இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். 1683-ல் ஹாலந்தின் டெல்ஃப்ட் நகரத்தில் லீவன்ஹூக் தம் பல்லிலிருந்து சுரண்டிய வெண்படலத்தை உருப்பெருக்கியில் வைத்துப் பார்த்து, அதில் துள்ளி ஓடிய நுண்ணுயிர்களை வரைந்து லண்டன் ராயல் சொசைட்டிக்குக் கடிதம் எழுதினார். கண்ணால் காண்பது அத்தனை முன்பே நடந்துவிட்டது. வளர்ப்பதுதான் கடினமாக இருந்தது. ஈறுப் பையின் அடியில் ஆக்சிஜன் மிகக் குறைவு. அங்கே வாழும் கிருமிகளில் பல, காற்றுப் பட்டாலே மடிந்துவிடும். டானரெல்லா ஃபார்சிதியா தன் செல்சுவருக்கு வேண்டிய ஒரு பொருளைத் தானே செய்துகொள்ளும் திறன் இல்லாதது. அதைத் தட்டில் சேர்த்துக் கொடுத்தாலோ, அதைத் தரும் வேறு கிருமியைப் பக்கத்தில் வளர்த்தாலோதான் அது வளரும். சுருள் வடிவ ட்ரெப்போனிமாவோ அதைவிடச் சிக்கலானது. காரைக்குடியில் எடுத்த மாதிரி, கோடை வெயிலில் கூரியர் வண்டியில் கிடந்து, மறுநாள் பெருநகர ஆய்வகத்தைச் சேரும்போது இவை உயிரோடு இருக்குமென்று நம்ப முடியாது. டி.என்.ஏ. அப்படியன்று; உலர்ந்த காகித முனையில் அது கெடாமல் பயணம் செய்யும். நம்மைப் போன்ற ஊர்களுக்கு மரபணுச் சோதனையின் பெரிய அனுகூலம் இது என்பேன்.

இனி உன் முதல் கேள்வி. எல்லாப் பாக்டீரியாவிலும் 16எஸ் எனப்படும் ஒரு மரபணு உண்டு. சுமார் 1,500 எழுத்து (டி.என்.ஏ.வின் அடிப்படை அலகு) நீளம். நம் பக்கத்துப் பழைய வீடுகளில் இருக்கும் பேரேடுகளைப் பார்த்திருப்பாய். முதல் பக்கத்தின் உச்சியில் பிள்ளையார் சுழி எல்லா வீட்டுப் பேரேட்டிலும் ஒன்றுபோல இருக்கும்; அதன் கீழே வரும் விலாசம் வீட்டுக்கு வீடு மாறும். அந்த இரண்டு மூன்று எழுத்துகளைக் கண்டதும் இன்னார் வீட்டுக் கணக்கு என்று ஊர்ப் பெரியவர் சொல்லிவிடுவார். 16எஸ் மரபணுவிலும் அப்படித்தான், எல்லாப் பாக்டீரியாவுக்கும் பொதுவான பகுதிகளும், இனத்துக்கு இனம் வேறுபடும் பகுதிகளும் மாறி மாறி வருகின்றன. வேறுபடும் பகுதியோடு மட்டும் ஒட்டும்படி, இருபது எழுத்து அளவில் ஒரு சிறு டி.என்.ஏ. துணுக்கைச் செய்துகொள்கிறார்கள். அதைத்தான் நீ பிரைமர் என்று படித்திருக்கிறாய். தனக்குரிய விலாசம் கிடைத்தால் அது ஒட்டும். நூற்றுக்கணக்கான வேறு இனங்களின் டி.என்.ஏ. சுற்றி இருந்தாலும் அவற்றைக் கடந்துவிடும்.

ஒட்டிய இடத்திலிருந்து நகலெடுக்கும் வேலை தொடங்குகிறது. சுமார் 95 டிகிரியில் இரட்டை இழைகள் பிரிகின்றன. 55 முதல் 60 டிகிரிக்குக் குளிர்ந்தபோது பிரைமர் ஒட்டுகிறது. 72 டிகிரியில் நொதி புதிய இழையைக் கட்டுகிறது. கொதிநிலையை நெருங்கும் வெப்பத்திலும் கெடாத அந்த நொதி, அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் வெந்நீர் ஊற்றில் கண்டெடுத்த ஒரு பாக்டீரியாவிலிருந்து வந்தது. ஒவ்வொரு சுற்றிலும் நகல் இரட்டிப்பதாகக் கொண்டால், ஒன்றே ஒன்றிலிருந்து தொடங்கி முப்பது சுற்றில் 107 கோடியைத் தாண்டிவிடும். 1983-ல் இதைக் கண்டறிந்த கேரி மல்லிஸுக்கு 1993-ல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. நகல் கூடக்கூட ஒளிரும் சாயத்தைச் சேர்த்து, எத்தனையாவது சுற்றில் ஒளி தென்படுகிறது என்று கணக்கிட்டால், தொடக்கத்தில் கிருமி எவ்வளவு இருந்தது என்பதும் தெரிந்துவிடும். கொரோனா காலத்தில் வீட்டுக்கு வீடு பேசிய 'சி.டி. வேல்யூ' அந்தச் சுற்றின் எண்தான்.

இதன் குறைகளையும் உன்னைப் போன்றவர்கள் தெரிந்துவைத்திருக்க வேண்டும். செத்த கிருமியின் டி.என்.ஏ.வையும் இது எண்ணிவிடும். ஆதலால் சிகிச்சை முடிந்த சில நாட்களிலேயே சோதித்தால் ஏமாறுவோம். எந்த மருந்துக்கு அந்தக் கிருமி அடங்கும் என்பதைச் சாதாரண பி.சி.ஆர். சொல்லாது, அதற்கு இன்றும் கிருமியை வளர்த்துத்தான் பார்க்க வேண்டும். மேலும், பட்டியலில் இருக்கும் ஐந்தோ பதினொன்றோ இனங்களை மட்டுமே அது தேடுகிறது. மனித வாயில் இனங்காணப்பட்ட நுண்ணுயிர் வகைகள் 700-க்கும் மேல். தேடாததை அது கண்டுபிடிக்காது. அத்தனையையும் ஒருசேரப் படிக்கும் வரிசையாக்க முறைகள் ஆராய்ச்சியில் பெரும் மாற்றத்தைக் கொண்டுவந்திருக்கின்றன. உன் தலைமுறையில் அவை நோயாளியின் நாற்காலி வரை வந்து சேரும் என்று நான் மனமார நம்புகிறேன்.

கேள்வி: என் மகளுக்கு வயது 17. சொத்தைப் பல் ஒன்றுகூட இல்லை. ஈறும் பார்ப்பதற்கு நன்றாகவே இருக்கிறது. ஆனால் கீழ் முன்பற்கள் இரண்டும், கடைவாய்ப் பல் ஒன்றும் ஆடுகின்றன. சீப்புச் சீடையைக் கடிக்கும்போதுதான் இதைக் கவனித்தாள். "இந்த வயதில் பயோரியா வராது, தானாகச் சரியாகிவிடும்" என்று ஓரிடத்தில் சொல்லிவிட்டார்கள். இவளுக்கு இந்தச் சோதனை பயன்படுமா? (தந்தை, தேவகோட்டை)

பதில்: பயன்படும். இம்முறை வந்த கடிதங்களில் இந்தச் சோதனையை நானே எழுதிக் கொடுக்கக்கூடிய ஒரே கடிதம் உங்களுடையது. ஆனால் முதலில் எக்ஸ்ரே, அதுவும் இந்த வாரமே.

நிலைத்த பற்களில் முதல் கடைவாய்ப் பற்களும் முன்பற்களும் ஆறு வயது முதல் ஒன்பது வயதுக்குள் முளைத்துவிடும். அந்தப் பற்களைச் சுற்றி மட்டும், பருவ வயதில், வேகமாக எலும்பைக் கரைக்கும் ஒரு வகை ஈறு நோய் இருக்கிறது. பல்லில் காரையோ அழுக்கோ அதிகம் இராது. ஈறு சிவந்தும் வீங்கியும் இராது. ஆகவே கண்ணாடியில் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று அனுப்பிவிடுவது எளிது. வீட்டில் பெற்றோரும் சந்தேகப்பட மாட்டார்கள். பல் ஆடத் தொடங்கிய பிறகோ, முன்பற்களுக்கு நடுவே இடைவெளி விழுந்த பிறகோதான் வருகிறார்கள். 17 வயதில் நிலைத்த பல் ஆடுவதை எவரும் இயல்பு என்று சொல்லக் கூடாது. அப்படிச் சொல்லி ஒரு குழந்தைக்கு ஆறு மாதத்தை இழக்கச் செய்வது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

இந்த வகை நோயோடு அதிகம் தொடர்புபடுத்தப்படும் கிருமி அக்ரிகேட்டிபேக்டர் ஆக்டினோமைசிடம்கோமிட்டன்ஸ். பெயர் நீளமாக இருப்பதால் மருத்துவர்கள் 'ஏ.ஏ.' என்பார்கள். நம் வெள்ளையணுக்களைக் கொல்லும் ஒரு நஞ்சை அது சுரக்கிறது. அதில் ஜே.பி.2 என்ற ஒரு கிளை, அந்த நஞ்சுக்குரிய மரபணுவைக் கட்டுப்படுத்தும் பகுதியில் 530 எழுத்துகளை இழந்திருக்கிறது. கட்டுப்பாடு போனதால் நஞ்சு பல மடங்கு சுரக்கிறது. மொராக்கோ நாட்டில் நலமான ஈறோடு இருந்த பள்ளி மாணவர்களை இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2008-ல் வெளியிட்ட ஆய்வில், ஜே.பி.2 கிளையைச் சுமந்தவர்களுக்கு ஈறு நோய் தொடங்கும் வாய்ப்பு, ஏ.ஏ. இல்லாதவர்களைவிட 18 மடங்காக இருந்தது. அதே கிருமியின் மற்றக் கிளைகளைச் சுமந்தவர்களுக்கு 3 மடங்கு. இந்தக் கிளையை உருப்பெருக்கியால் பிரித்தறிய முடியாது. இழந்த அந்த 530 எழுத்துகளைத் தேடிப் பார்க்கும் பி.சி.ஆர். சில மணி நேரத்தில் சொல்லிவிடும். மரபணுச் சோதனை தனக்குரிய இடத்தில் எவ்வளவு மதிப்புள்ளது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

ஏ.ஏ. ஈறுத் திசுவுக்குள்ளேயே ஊடுருவும் தன்மையுள்ளது. அதனால் வேரைச் சுத்தம் செய்வதோடு, அமாக்சிசிலின், மெட்ரோனிடசோல் ஆகிய இரு மருந்துகளையும் சேர்த்து ஒரு வாரம் தரும் முறையை இத்தகைய இளம் நோயாளிகளுக்கு மருத்துவர்கள் கருதுவதுண்டு. பென்சிலின் ஒவ்வாமை உண்டா என்று கேட்டறிந்து, சுத்தம் செய்யும் பணியோடு இணைத்து, மருத்துவரே எழுதித் தர வேண்டியது அது. மருந்துக்கடையில் கேட்டு வாங்கக் கூடியதன்று. ரத்தச் சர்க்கரையையும் ரத்த அணுக்களையும் ஒருமுறை பார்த்துவிடச் சொல்லுங்கள். உங்கள் மகளுக்குத் தம்பி தங்கை இருந்தால் அவர்களையும் அழைத்துச் செல்லுங்கள், ஏனெனில் இது உடன்பிறந்தவர்களிடமும் காணப்படுகிறது. புதுக்கோட்டையில் 2023-ல் தொடங்கிய அரசு பல் மருத்துவக் கல்லூரி உங்களுக்குத் தொலைவில் இல்லை.

கேள்வி: என் தாத்தா பல்பொடியைக்கூடத் தொட்டதில்லை, எண்பது வயது வரை கரும்பு கடித்தார். நான் இரண்டு வேளை பல் துலக்கியும் 52 வயதில் நான்கு பல்லை இழந்துவிட்டேன். எங்கள் வீட்டில் பல தலைமுறையாகச் சொந்தத்திலேயே பெண் கொடுக்கல் வாங்கல். குறை எங்கள் மரபணுவிலா, கிருமியின் மரபணுவிலா? எந்த மரபணுவைச் சோதிக்க வேண்டும்? (வாசகர், கானாடுகாத்தான்)

பதில்: மிக நல்ல கேள்வி, ஐயா. 'மரபணுச் சோதனை' என்ற ஒரே சொல் இரண்டு வெவ்வேறு சோதனைகளுக்கு வழங்குவதால் பலரும் இங்கே குழம்பிவிடுகிறார்கள். ஒன்று, ஈறுப் பையிலிருந்து எடுத்த கிருமியின் மரபணுவைப் பார்ப்பது. மற்றொன்று, உங்கள் கன்னத்தின் உட்புறச் செல்களை எடுத்து உங்கள் மரபணுவைப் பார்ப்பது.

ஆளுக்கு ஆள் உடலின் எதிர்வினை மாறுகிறது என்பதை உலகுக்குக் காட்டிய ஆய்வில் நம் மக்களே இருந்தார்கள். ஹெரால்டு லோ என்ற நார்வே நாட்டு அறிஞரின் குழு, இலங்கையின் தேயிலைத் தோட்டங்களில் வேலை செய்த 480 தமிழ்த் தொழிலாளர்களை 1970 முதல் 15 ஆண்டுகள் கவனித்து 1986-ல் முடிவை வெளியிட்டது. பல் மருத்துவ வசதி எதுவும் இல்லாதவர்கள். பல் துலக்கும் பழக்கமும் அவர்களிடம் இல்லை. எல்லோருடைய பல்லிலும் படலமும் காரையும் மண்டியிருந்தன. அப்படியிருந்தும் நூற்றுக்கு 8 பேருக்கு நோய் மிக வேகமாக முற்றியது. 81 பேருக்கு மிதமாகச் சென்றது. 11 பேருக்கு ஈறு வீக்கத்தோடு நின்றுவிட்டது, எலும்பு கரையவே இல்லை. ஒரே தோட்டம், ஒரே உணவு, ஒரே அழுக்கு. இந்த ஆய்வை வகுப்பில் முதன்முதலாகப் படித்த நாளில் எனக்கு ஏற்பட்ட வேதனை இன்னும் நினைவிருக்கிறது. இங்கிருந்து கடல் கடந்தவர்களின் பிள்ளைகள், பல்லுக்கு ஒரு மருத்துவரைக்கூடக் காணாமல் வாழ்ந்த வாழ்க்கையிலிருந்து உலகம் பாடம் கற்றது. உங்கள் தாத்தா அந்த 11 பேரைப் போன்றவராக இருந்திருக்கலாம். நீங்கள் அவரைப் போன்றவராக இல்லாமலிருப்பதில் உங்கள் தவறு ஏதுமில்லை.

அந்த வேறுபாட்டுக்குக் காரணமான மனித மரபணுவைக் கண்டுபிடித்துச் சோதித்துவிடலாமே என்றால், அது ஒரே மரபணு அன்று. இன்டர்லூகின்-1 என்ற அழற்சிப் பொருளின் மரபணு வேறுபாட்டை 1997 முதல் சோதனையாகவே விற்றுப் பார்த்தார்கள். தனி மனிதருக்கு நோய் வருமா வராதா என்று சொல்லும் அளவுக்கு அது உறுதிப்படவில்லை. உங்களுக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். சொந்தத்தில் மணம் முடிப்பதால் வெளிப்படும் ஈறு நோய் ஒன்று உண்டு: பாப்பிலான்-லெஃபெவ்ர் நோய். கத்தெப்சின் சி என்ற மரபணு தாய் வழியிலும் தந்தை வழியிலும் பழுதாகவே கிடைத்தால் அது வரும். பால்பல்லே ஐந்து வயதுக்குள் விழத் தொடங்கும், உள்ளங்கையும் உள்ளங்காலும் தடித்து வெடிக்கும். பத்து லட்சத்தில் ஒரு சிலருக்கு வருவது. 52 வயதில் நான்கு பல்லை இழந்த உங்களுக்கு அந்தக் கவலை வேண்டியதில்லை. நீங்கள் புகைப்பவரா, சர்க்கரை உண்டா என்பதைக் கடிதத்தில் எழுதவில்லை. 2017-ல் உலக அறிஞர்கள் கூடி வகுத்த ஈறு நோய் வகைப்பாட்டில், நோய் எவ்வளவு வேகமாக முற்றும் என்று கணிக்க அவர்கள் சேர்த்துக்கொண்ட ஆபத்துக் காரணிகள் இவ்விரண்டும்தான்: நாளுக்குப் பத்துக்கும் குறையாத சிகரெட்டு, அல்லது நீரிழிவோடு 7-க்குக் குறையாத எச்.பி.ஏ.1.சி. (ஏறத்தாழ மூன்று மாதச் சராசரி ரத்தச் சர்க்கரையைக் காட்டும் அளவு). கிருமிச் சோதனையை அவர்கள் கட்டாயமாக்கவில்லை.

கேள்வி: எனக்கு 71 வயது. ஐம்பது வருஷமாக வெற்றிலை போடுகிறேன். பல்லெல்லாம் சிவந்து, ஈறு இறங்கி, இரண்டு பல் ஆடுகிறது. பேத்தி இந்தச் சோதனையைச் செய்துகொள்ளச் சொல்கிறாள். (வாசகி, புதுவயல்)

பதில்: ஆச்சி, உங்களுக்கு அது தேவையில்லை. எந்தக் கிருமி என்று தெரிந்தாலும் செய்யப்போவது ஒன்றுதான்: காரையை எடுத்துவிட்டு, காப்பாற்றக்கூடிய பல்லைக் காப்பாற்றுவது. சோதனைக்கு ஆகும் பணத்தை அதற்குச் செலவிடுங்கள். வெற்றிலையோடு புகையிலை போடுபவராக இருந்தால் ஈறில் ரத்தம் வராமலே உள்ளே நோய் வளர்ந்திருக்கக்கூடும். ரத்தம் இல்லையே என்று இருந்துவிடாதீர்கள். கொட்டைப்பாக்கைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை உறுதி செய்திருக்கிறது. ஆகவே கன்னத்தின் உட்புறத்தில் வெள்ளைத் திட்டோ, வாய் திறப்பதில் இறுக்கமோ உண்டா என்று பார்க்கச் சொல்லுங்கள். பேத்தி அக்கறையோடுதான் சொல்கிறாள். அவளையே உடன் அழைத்துச் செல்லுங்கள்.

கேள்வி: என் கணவருக்குப் பன்னிரண்டு ஆண்டுகளாகச் சர்க்கரை. எச்.பி.ஏ.1.சி. 8.6. சிங்கப்பூரில் இருக்கும் மகன், உமிழ்நீரைத் துப்பி அனுப்பினால் ஈறுக் கிருமிகளைச் சொல்லிவிடும் பெட்டி ஒன்றை வாங்கி அனுப்பியிருக்கிறான். அதைப் பயன்படுத்தலாமா? (வாசகி, கோட்டையூர்)

பதில்: பயன்படுத்துவதால் தீங்கில்லை. ஆனால் அதை நம்பி மருத்துவரிடம் போவதைத் தள்ளிப்போடக் கூடாது. வாய் முழுவதிலிருந்தும் கழுவி வரும் கிருமிகளின் கலவைதான் உமிழ்நீர். இருபத்தெட்டுப் பற்களில் எந்தப் பல்லின் எந்தப் பக்கத்தில் பை விழுந்திருக்கிறது என்பதை அது காட்டாது. பல்லை இழப்பதோ அந்த ஓரிடத்தில்.

உங்கள் கணவருக்கு ஈறு சிகிச்சை மிகவும் அவசியம் என்பதற்கு வேறொரு காரணம் இருக்கிறது. சர்க்கரை ஏறினால் ஈறு கெடுகிறது. ஈறின் அழற்சி தணியாவிட்டால் இன்சுலின் சரியாக வேலை செய்யாமல் சர்க்கரை மேலும் ஏறுகிறது. ஈறுக்கடியில் முறையாகச் சுத்தம் செய்த நீரிழிவு நோயாளிகளுக்கு மூன்று நான்கு மாதங்களில் எச்.பி.ஏ.1.சி. சராசரியாக 0.4 அளவுக்குக் குறைவதைப் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த மதிப்பீடுகள் காட்டியிருக்கின்றன. எண் சிறியதாகத் தோன்றலாம். இரண்டாவதாக ஒரு சர்க்கரை மாத்திரையைச் சேர்க்கலாமா என்று மருத்துவர் யோசிக்கும் இடத்தில் அது சிறியதன்று. அவர் இதயத்துக்காக வார்ஃபரின் போன்ற ரத்தம் உறையாமைக்கான மாத்திரை சாப்பிடுபவராக இருந்தால் பல் மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். மெட்ரோனிடசோல் அதனோடு சேர்ந்தால் ரத்தக்கசிவு மிகும்.

பெட்டியை அனுப்பிய மகனுக்கு, ஈறை அளந்த தாளையும் படம் எடுத்து அனுப்பிவையுங்கள்.

கேள்வி: கணவருக்குப் பயோரியா. ஒரே டம்ளரில் தண்ணீர் குடிப்பதால் எனக்கும் பிள்ளைகளுக்கும் தொற்றுமா? எல்லோரும் சோதித்துக்கொள்ள வேண்டுமா? அப்படியானால் மாதிரியை எப்படி எடுப்பார்கள், வலிக்குமா? (வாசகி, காரைக்குடி)

பதில்: கணவன் மனைவியரிடம் ஒரே மரபணுச் சாயலுள்ள கிருமி காணப்படுவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன; ஆகவே உமிழ்நீர் வழியாகக் கிருமி ஒருவரிடமிருந்து மற்றவருக்குப் போகக்கூடும். கிருமி போவதும் நோய் வருவதும் ஒன்றல்ல என்பதை மேலே தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களைப் பற்றி எழுதியதிலிருந்து புரிந்துகொண்டிருப்பீர்கள். குடும்பம் முழுவதும் சோதனை செய்யத் தேவையில்லை. கணவர் சிகிச்சை எடுக்கும்போது நீங்களும் ஒருமுறை ஈறை அளந்து பார்த்துக்கொண்டால் போதும். பல் துலக்கும் பிரஷ் மட்டும் ஆளுக்கு ஒன்றாக இருக்கட்டும்.

அவருக்கு மருத்துவர் சோதனை எழுதிக் கொடுத்தால், மாதிரி எடுப்பதைப் பற்றி அஞ்ச வேண்டாம். ஆழம் மிகுந்த நான்கைந்து இடங்களைத் தேர்ந்தெடுத்து, பல்லைச் சுற்றிப் பஞ்சு வைத்து உமிழ்நீரை ஒதுக்கி, ஈறுக்கு மேலிருக்கும் படலத்தைத் துடைத்துவிடுவார்கள். பிறகு, வேர் சிகிச்சையில் ஈரம் ஒற்றப் பயன்படும் அதே பேப்பர் பாயின்ட்டை, ஊசி போல் கூர்ந்த வெள்ளைக் காகித முனையை, இடுக்கியால் பிடித்துப் பையின் அடி வரை நுழைப்பார்கள். பத்து இருபது விநாடி அப்படியே விட்டு எடுக்கும்போது அதன் நுனி சற்று ஈரமாகி, சில வேளை இளஞ்சிவப்பாக இருக்கும். அதைச் சிறு குப்பியில் போட்டு மூடி அனுப்பிவிடுவார்கள். ஒரு குத்தல் உணர்வுக்கு மேல் வலி இராது. இந்த மாதிரியை ஆழச் சுத்தம் செய்வதற்கு முன் எடுக்க வேண்டும். கடந்த சில வாரங்களில் வேறு ஏதாவது நோய்க்காக ஆன்டிபயாடிக் சாப்பிட்டிருந்தால் அதை மறக்காமல் சொல்லச் சொல்லுங்கள். அப்போது எடுத்த மாதிரி உண்மை நிலவரத்தைக் காட்டாது. அன்று காலை வழக்கம்போல் பல் துலக்கிவிட்டு வரலாம், கிருமிநாசினி மவுத்வாஷால் மட்டும் கொப்பளிக்க வேண்டாம்.